தெறித்தது தூசி இல்லை, இரும்பு

கல்யாண மண்டபத்துச் சமையலுக்குப் புளியங்கட்டை பிளந்துகொண்டிருந்தவர். கண்ணில் 'சுருக்'கென்று ஏதோ பட்டதாம். ஒன்பதாம் நாள்தான் என்னிடம் வந்தார். இந்த மாதத்தில் இது மூன்றாவது கண். மூன்று பேரும் சொன்னது ஒன்றேதான்: "விறகு உடைக்கறப்ப தூசி விழுந்துருச்சு சார்."

தூசி இல்லை ஐயா. இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது மோதுவது இரும்பும் இரும்பும். மரம் சும்மா கீழே கிடக்கிறது. வருடக்கணக்கில் அடி வாங்கிய ஆப்பின் தலை காளான் குடை மாதிரி விரிந்து, ஓரமெல்லாம் கிழிந்து சுருண்டிருக்கும். அடுத்த அடியில் அதிலிருந்து ஒரு செதில் பிய்ந்து பறக்கும். மாட்டிக்கொண்ட கோடாரியின் முதுகில் சம்மட்டியைப் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

"வலியே இல்லையே, பார்வையும் நல்லாத்தானே இருக்கு?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. மணல் விழுந்தால் மேலேயே கிடந்து உறுத்தும், அழ வைக்கும். எள்ளைவிடச் சிறிய இரும்புச் செதில் மேலே தங்காது. வந்த வேகத்தில் கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விடும். துளையும் தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் எங்கிருந்து உறுத்தும்? முதல் நாள் பார்வைப் பரிசோதனை அட்டையைக் கடைசி வரி வரை படித்துக் காட்டியவர்களின் கண்ணுக்குள்ளிருந்தும் இரும்பு எடுத்திருக்கிறேன். பார்வை தெரிகிறது என்றால் பார்வை தெரிகிறது, அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. சில நாளில் சீழ் பிடிக்கலாம். அதில் தப்பினாலும், உள்ளே கிடக்கும் இரும்பு மாதக்கணக்கில் துருவாக ஊறி விழித்திரையைக் கெடுக்கும்.

அந்த ஒன்பது நாளில் இவர் பார்த்த வைத்தியம்: தாய்ப்பால், விளக்கெண்ணெய், கடைசியாகப் பக்கத்து ஊரில் நாக்கால் தூசி எடுக்கும் ஒரு பாட்டி. துளைபட்ட கண்ணில் எச்சில்!

கசக்காதீர்கள், கழுவாதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணில் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள். வழியில் டீகூட வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம். டாக்டரிடம் 'இரும்பை இரும்பால் அடித்தேன்' என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் சி.டி. ஸ்கேன் எழுதத் தோன்றும். எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது, அந்தக் காந்தம் செதிலைக் கண்ணுக்குள்ளேயே நகர்த்திவிடும். (இளம் மருத்துவர்களே, சொட்டு மருந்து எழுதும் முன் என்ன வேலை செய்தார் என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.)

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போதாவது ஆப்பின் தலையைப் பாருங்கள். விரிந்திருந்தால் பட்டறையில் கொடுத்து ஓரத்தைச் சாணை பிடியுங்கள். பக்கமும் மூடியிருக்கிற பாலிகார்பனேட் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, பெரிய விலை இல்லை. கூலிங் கிளாஸ் கணக்கில் வராது. தயவுசெய்து பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வந்த மூவரில் ஒருவன் ஏழாம் வகுப்புப் பையன். அப்பா அடிக்க, ஆப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.