ஜன்னலுக்கு அப்பால் வானம்

சிவிட்டா ஊரின் நுழைவாயிலைத் தாண்டியதும் ஒரு பழைய மாளிகையின் முகப்புச் சுவர் நிற்கிறது. அதன் ஜன்னல்களை எட்டிப் பார்த்தால் அறைக்குப் பதில் வானம் தெரியும். பின்னால் இருந்த வீடு, தான் நின்ற நிலத்தோடு சேர்ந்து பள்ளத்தாக்கில் சரிந்துவிட்டது.

ரோமுக்கு வடக்கே, லாட்சியோ வட்டாரத்தில் இருக்கிறது சிவிட்டா தி பன்யோரெஜோ. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், ரோமானியர் தலையெடுக்கும் முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் குடியேறிய குன்று இது. எதிரி ஏறி வர முடியாத செங்குத்துச் சரிவு, எளிதில் குடையக்கூடிய பாறை. வேறென்ன வேண்டும்? வீட்டுக்குக் கல்லும் அங்கேயே கிடைத்தது, திராட்சை ரசம் வைக்கக் குகையும் அங்கேயே வெட்டிக்கொள்ளலாம்.

சிக்கல் அந்தப் பாறைக்கு அடியில். குன்றின் கீழ்ப்பகுதி முழுக்கக் களிமண். ஒரு காலத்தில் கடலடியில் படிந்த வண்டல். கடல் விலகிய பிறகு, இன்று பொல்சேனா ஏரி இருக்கும் பகுதியில் எரிமலைகள் வெடித்தன. அவை கக்கிய சாம்பல் களிமண்மேல் படிந்து இறுகிப் பாறையானது. இத்தாலியர்கள் அதைத் தூஃபோ என்பார்கள்.

பிசைந்த மாவின்மேல் அம்மிக்கல்லை வைத்த கதைதான். களிமண் மழையில் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அடுத்த மழை அந்த வெடிப்புகளில் இறங்கி மண்ணைக் கரைக்கும். அடிவாரத்தில் ஓடும் ஓடைகளும் தம் பங்குக்கு அரிக்கின்றன. பள்ளத்தாக்கு ஆழமாக ஆகச் சரிவுக்குப் பக்கத்துணை குறைகிறது; பாறையின் பாரம் தாங்காமல் களிமண் வெளிப்பக்கமாகப் பிதுங்குகிறது. தூஃபோவால் அதோடு சேர்ந்து வளைய முடியாது. அதனால் மேலிருந்து கீழாக விரிசல் விடும். விரிசலில் இறங்கும் மழைநீர் மறுபடியும் களிமண்ணுக்கே போகிறது. அப்புறம் ஒருநாள் விளிம்பு ஒரு பாளமாகப் பெயர்ந்து விழும்.

1274இல் இறந்த கிறிஸ்தவ இறையியலாளர் புனித பொனவெந்தூரா இந்த ஊர்க்காரர். அவர் சிறுவயதில் வாழ்ந்த வீடும் இப்படித்தான் போனது. 1695இல் ஒரு நிலநடுக்கம் வேறு. அதற்குப் பிறகு கத்தோலிக்க ஆயரும் ஊர் நிர்வாகமும் அருகிலுள்ள பன்யோரெஜோவுக்கு மாறிவிட்டார்கள். இன்று ஆண்டு முழுக்கச் சிவிட்டாவிலேயே வசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பொறியாளர்கள் பாறையில் துளையிட்டு எஃகுக் கம்பிகளைச் செருகி விளிம்புகளை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். கம்பி பாறையைப் பிடிக்கும், சரி. கரையும் களிமண்ணை எதைக் கொண்டு கட்டுவது?

ஊருக்குள் போக ஒரே வழி, 1965இல் கட்டிய நீண்ட நடைபாலம். 2013 முதல் நுழைவுக் கட்டணமும் உண்டு. பாலத்தில் ஏறியவர்கள் பாதியில் நின்று, கத்தி முனைபோல் மடிப்பு மடிப்பாக இறங்கும் வெளிறிய மண்மேடுகளைப் படம் எடுக்கிறார்கள். கலாங்கி என்று அவற்றுக்குப் பெயர். உண்மையிலேயே அழகுதான். அந்த மடிப்பு ஒவ்வொன்றும் மழை கரைத்துக்கொண்டு போன களிமண்ணின் தடம்.