லே இன்னொரு ஊட்டி இல்லை: டிக்கெட் போடும் முன் இராத்தங்கலைப் பாருங்கள்

ஏப்ரல், மே வந்துவிட்டால் என் கிளினிக்கில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டாக்டர், லடாக் போறோம், குளிருக்கு என்ன மாத்திரை எடுத்துக்கிட்டுப் போகணும்?"

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மலை என்றால் ஊட்டி, வால்பாறை, வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளியங்கிரி. லடாக்கின் முக்கிய நகரமான லே என்பதும் ஊட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஊர், கூடவே பனி கொட்டும் என்ற நினைப்பில்தான் பலரும் கிளம்புகிறார்கள். ஜூன் மாதம் போய் இறங்கினால் ஊருக்குள் பனியும் இருக்காது, பசுமையும் அதிகம் இருக்காது. மழையே அரிதான குளிர்ப் பாலைவனம் அது, மூக்கு உலர்ந்துபோகும், வெயில் முகத்தோலை உரித்துவிடும். சரி, இந்த ஏமாற்றம் ஒரு நாளில் ஆறிவிடும், அந்த மலைகளின் நிறத்தைப் பார்த்தாலே போதும். உடம்பு ஏமாந்துபோவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நீலகிரியிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637. லே நகரமோ ஏறக்குறைய 3,500 மீட்டர். டெல்லியில் காலை விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே இறக்கிவிடுகிறார்கள். அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு நம் ஊரில் இருக்கிற அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே போகும். உடம்பு இதைச் சமாளித்துவிடும், வேகமாக மூச்சு விடும், சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும், ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் அதே நாட்கள்தான் வேண்டும்.

இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் நம்ப மறுக்கிறார்கள். என்னிடம் வரும் ஒருவர், முப்பத்தைந்து வயது, மாரத்தான் ஓடுகிறவர், வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவர். பேக்கேஜில் முதல் நாள் லே, இரண்டாம் நாள் கார்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு, மூன்றாம் நாள் பாங்காங் ஏரிக்கரையில் டென்ட். விமானத்திலிருந்து இறங்கியதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறார், அன்று மாலையே கடைவீதி சுற்றியிருக்கிறார். உடம்பு உயரத்துக்குப் பழகும் முன் வருகிற இந்த உயர நோயின் சூழ்ச்சியே அதுதான். தலைவலியும் குமட்டலும் இறங்கி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும், நுரையீரலில் நீர் கோப்பது பெரும்பாலும் இரண்டாவது இரவுக்கு மேல்தான் வரும். அவருக்கு அது பாங்காங்கில், 4,200 மீட்டருக்கு மேல், நடுராத்திரியில் வந்தது. இருமல், உட்கார்ந்த இடத்திலேயே மூச்சிரைப்பு, உதடு நீலம். கீழே இறக்குவதுதான் முக்கிய வைத்தியம், ஆனால் பாங்காங்கிலிருந்து லே திரும்ப வேண்டுமானால் முதலில் 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கிற சாங் லா கணவாயை ஏறித்தான் இறங்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரோடு ராத்திரியிலேயே வண்டியை எடுத்த அந்த டிரைவரால் பிழைத்தார். அந்தப் பேக்கேஜை விற்றவர்கள் உயரத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கு இன்னமும் அதில் கோபம்தான்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து வீரர்களை அவசரமாக அந்த உயரங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருடங்களில் உயர நோய் கண்ட 1,925 வீரர்களைப் பற்றி நம் மருத்துவர்கள் 1969-இல் எழுதிய ஆய்வை உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பயிற்சி பெற்ற இளம் வீரர்களையே படுக்கவைத்த உயரத்துக்குத்தான் நாம் குடும்பத்தோடு டூர் போகிறோம்.

அதனால் பேக்கேஜ் தாளை வாங்கியதும் எந்த இரவு எந்த உயரத்தில் தூங்கப்போகிறீர்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள். பகலில் ஒரு கணவாயைத் தாண்டி இறங்கிவிடுவது வேறு, மேலேயே படுத்துத் தூங்குவது வேறு. 3,000 மீட்டருக்கு மேல் போனபின் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது பொதுவான கணக்கு. விமானத்தில் போனால் லேயில் முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள், நிஜமாகவே சும்மா, அறையும் பக்கத்துத் தெருவும் போதும். பாங்காங்கைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சாலை வழி என்றால் ஸ்ரீநகரில் கிளம்பி, சுமார் 2,700 மீட்டரில் இருக்கிற கார்கிலில் ஓர் இரவு தங்கிப் போவது உடம்புக்கு இதம். மணாலி வழியில் முதல் ராத்திரியே 4,200 மீட்டருக்கு மேல் சார்ச்சுவில் டென்ட் போட்டுப் படுக்கவைப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் கற்பூரம். துணியில் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு முகர்ந்தபடியே போகிறார்கள். மூக்கு திறந்த மாதிரி இருக்கும், இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. குழந்தை அதை வாயில் போட்டு விழுங்கினால் வலிப்பே வரலாம், தயவுசெய்து வேண்டாம். கையடக்க ஆக்சிஜன் கேனும் சில நிமிடங்களுக்குத்தான். உடம்பு உயரத்துக்குப் பழக அசிட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் சல்ஃபா மருந்து அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எல்லாம் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் முதல் நாட்களில் கூடவே கூடாது, தூக்கத்தில் மூச்சு இன்னும் மட்டுப்படும்.

தலைவலி வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே கீழே இறங்குங்கள். குழுவில் மற்றவர்களின் டூர் கெட்டுவிடுமே என்று பலர் வாயைத் திறப்பதே இல்லை, பெண்கள் குறிப்பாக.

இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம், இரத்தசோகை இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்பே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மருந்துச் சீட்டோடு பேக்கேஜ் தாளையும் எடுத்துப் போங்கள், அதைப் பார்த்தால்தான் அவரால் சரியாகச் சொல்ல முடியும்.