ரிக்கன்பேக்கர் பேஸ்: டூப்ளிகேட் எங்கே கோட்டை விடுகிறது?

ரிக்கன்பேக்கர் என்ற அமெரிக்க கம்பெனியின் 4001 பேஸ் கிட்டாரை முன்னாலிருந்து பார்த்தால் கம்பெனி பெயர் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான், தலைப்பகுதியில் திருகி வைத்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் மூடி. வரிசை எண் இருப்பதோ கேபிள் செருகுகிற ஜாக்கின் உலோகத் தகட்டில். இரண்டையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கழற்றி இன்னொரு கிட்டாரில் மாட்டிவிடலாம், மாட்டியும் இருக்கிறார்கள். பெயரையும் எண்ணையும் மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறுவதற்கு நிறைய வாய்ப்பு.

சரி, உருவத்தை நம்பலாமா என்றால் அதுவும் கஷ்டம். 1957-இல் வந்த 4000 மாடலுக்கு ரோஜர் ரோஸ்மைஸ்ல் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர் போட்ட அந்த நீண்ட கொம்பு வைத்த உடம்பும் அலைபோல் வளைந்த தலையும் 1961-இல் 4001-க்குப் போயின, 1970களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அதை அச்சு அசலாக எடுத்தன, பிறகு சீனாவிலிருந்தும் வர ஆரம்பித்தது. சீன நகல்களுக்கு பேஸ் வாசிப்பவர்கள் 'சிக்கன்பேக்கர்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கம்பெனி தன் கிட்டார் வடிவத்தை வணிகக்குறியாகப் பதிந்து வைத்திருக்கிறது, மீறுகிறவர்களை விடாமல் துரத்துவதில் பேர்போனது, அப்படியும் நகல்கள் நிற்கவில்லை. இடையில் ஒன்று: பழைய ஜப்பானிய நகல் எதுவாக இருந்தாலும் 'லாசூட் மாடல்' (வழக்கில் சிக்கிய மாடல்) என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அந்தப் பேச்சுக்கு மூலமான 1977 வழக்கு கிப்சன் என்ற இன்னொரு அமெரிக்க கிட்டார் கம்பெனியின் தாய்க் கம்பெனி, ஐபனெஸ் என்ற ஜப்பானிய கிட்டார்களை விற்றவர்கள்மேல் தலைப்பகுதி வடிவத்துக்காகப் போட்டது. ரிக்கன்பேக்கருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நகல் எடுக்கிறவர் கண்ணில் படுவதை எடுக்கிறார். பேஸ் கிட்டாரின் சத்தத்தில் பெரும்பகுதி கண்ணில் படாத இடத்தில் உருவாகிறது, அங்கேதான் பெரும்பாலான நகல்கள் சறுக்குகின்றன.

முதலில் பிக்கப். காந்தம், அதைச் சுற்றி முடியைப்போல மெல்லிய செப்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள், மேலே இரும்பு கலந்த தந்தி, அவ்வளவுதான். தந்தி ஆடும்போது சுருளுக்குள் போகும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பிக்கப் தந்தி முழுவதையும் கேட்பதில்லை, தனக்கு நேர் மேலே இருக்கும் சில செ.மீ நீளத்தை மட்டும்தான் கேட்கிறது. ஒரு தந்தி ஒரே நேரத்தில் பல விதமாக ஆடும்: முழு நீளமும் ஒரே வளைவாக ஆடுவது அடிப்படைச் சுரம், இரண்டு, மூன்று, நான்கு துண்டுகளாகப் பிரிந்து ஆடுவது அதன் மேல்சுரங்கள். 4001-இன் தந்தி நீளம் 33¼ அங்குலம், அதாவது 84.5 செ.மீ. பிரிட்ஜிலிருந்து (உடம்பில் தந்திகள் தாங்கி நிற்கிற உலோகப் பாகம்) 6 செ.மீ தள்ளி ஒரு பிக்கப் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த இடத்தில் அடிப்படைச் சுரத்தின் ஆட்டம் அதன் உச்ச அளவில் 22 சதவீதம்தான், ஐந்து துண்டுகளாக ஆடும் மேல்சுரமோ 90 சதவீதத்தைத் தொடுகிறது. பிக்கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெக் (விரல் வைத்து வாசிக்கிற நீண்ட கழுத்து) பக்கம் நகர்த்தினால் அடிப்படைச் சுரம் ஏறிக்கொண்டே வரும், மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக அமுங்கி எழும். சரியாகக் கால் நீளத்தில், 21 செ.மீ-இல் நிறுத்தினால் திறந்த தந்தி நான்கு துண்டுகளாக ஆடும் மேல்சுரம் அந்தப் பிக்கப்புக்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆக, பார்வைக்கு வித்தியாசமே தெரியாத ஒன்றிரண்டு செ.மீ சத்தத்தின் நிறத்தை மாற்றிவிடும். ஏற்கெனவே கையிருப்பில் இருந்த ஏதோ ஒரு பிக்கப்பை எடுத்து, அழகாகத் தெரிகிற இடத்தில் பள்ளம் வெட்டி வைக்கிற நகலில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

சுருளும் அப்படித்தான். பலர் மீட்டரை வைத்து இத்தனை கிலோ ஓம் என்று பார்த்துவிட்டு 'ஒரிஜினலைவிட ஹாட்டான பிக்கப்' (சத்தம் கூடுதலான பிக்கப்) என்று மகிழ்ந்துபோகிறார்கள். மின்தடை பாதிக் கதைதான், முக்கியம் அதன் இண்டக்டன்ஸ், மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கிற அளவு. அது கேபிளின் மின்தேக்கத்தோடு சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. 3 ஹென்றி பிக்கப்போடு 700 பிக்கோஃபாரட் கேபிள் சேர்ந்தால் அந்த உச்சம் சுமார் 3,500 ஹெர்ட்ஸில் வரும். சுற்றைக் கூட்டி 5 ஹென்றி ஆக்கினால் 2,700-க்கு இறங்கிவிடும், அதற்கு மேலே எல்லாம் வேகமாக மங்கும். சத்தம் கூடும், பளபளப்பு போய்விடும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பழைய 4001-இல் நெக் பக்கம் ஒன்று, பிரிட்ஜ் பக்கம் ஒன்று என்று இரண்டு பிக்கப்; இதில் பிரிட்ஜ் பிக்கப்புக்கும் வெளியே போகிற வழிக்கும் நடுவில் ஒரு கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கும், 0.0047 மைக்ரோஃபாரட். விரல் நகத்தைவிடச் சின்ன, காசு பெறாத பாகம். கெபாசிட்டர் வேகமாக மாறும் மின்னோட்டத்தை விட்டுவிடும், மெதுவானதைத் தடுக்கும். அதற்குப் பின்னால் 250 கிலோ ஓம் பளு இருப்பதாக எடுத்துக்கொண்டால் வெட்டு அதிர்வெண், அதாவது அதற்குக் கீழே சத்தம் குறையத் தொடங்குகிற இடம், 135 ஹெர்ட்ஸ். பேஸின் மிகத் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் ஆடுகிறது, அதில் 29 சதவீதம்தான் தப்பித்து வெளியே வரும்; 400 ஹெர்ட்ஸில் இருப்பதோ 95 சதவீதம் வந்துவிடும். உண்மையான வயரிங்கில் குமிழ்களுக்குக் கீழே இருக்கும் மாறும் மின்தடைகளும் இன்னொரு பிக்கப்பும் சேர்ந்து இந்த வெட்டு அதிர்வெண்ணை மேலே தள்ளும், ஆனால் நடப்பது இதுதான். விளைவு, அடித்தளத்தை நெக் பிக்கப் ஒன்றே பார்த்துக்கொள்கிறது, பிரிட்ஜ் பிக்கப் மேலே கணகணவென்று உலோகச் சத்தத்தை மட்டும் தருகிறது, இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் ஒலிக்கின்றன. கூட்டம் நிறைந்த ராக் இசையிலும் தனியாகக் காதில் விழுகிற அந்த 'ரிக்' சத்தத்துக்கு இது பெரிய காரணம்.

நகலில் இந்தக் கெபாசிட்டர் இல்லாமல் போவது சகஜம். இருந்து, ஒரு பூஜ்யம் விட்டுப்போய் 0.047 என்று போட்டிருந்தாலும் (டோன் குமிழுக்குப் போடுகிற வழக்கமான அளவு அது, அதனால் மாறிப்போவது எளிது) அதே கணக்கில் வெட்டு 13.5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஈ தந்தியே 95 சதவீதம் உள்ளே நுழைந்துவிடும். அதாவது போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரிட்ஜ் பிக்கப் பலவீனமாக ஒலிக்கிறது என்று வாசிப்பவர்களே இதைக் கத்தரித்து எறிந்தார்கள், 1980களில் கம்பெனியும் கைவிட்டது, அப்புறம் எல்லோரும் பழைய சத்தத்தைத் தேட ஆரம்பித்ததும் 4001-க்குப் பிறகு வந்த 4003 மாடலில் ஒரு குமிழை இழுத்தால் கெபாசிட்டர் உள்ளே வருகிற மாதிரி திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே 1980களின் நடுவில் வந்த சுத்தமான ஒரிஜினல் ஒன்றைவிட, சரியான பிக்கப்பும் சரியான கெபாசிட்டரும் வைத்துத் திருத்திய ஜப்பானிய நகல் பழைய 4001-க்கு நெருக்கமாக ஒலித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: முதல் காலத்து பிரிட்ஜ் பிக்கப்பில் தந்திகளுக்கு மேலே வளைந்து நின்ற உலோகம் நிஜமான லாடக் காந்தம். இன்றைய 4003-இல் அதே இடத்தில் நிற்கிற உலோகக் கூடு வெறும் அலங்காரம், கை வைத்துக்கொள்ளலாம். தன்னையே நகலெடுக்க கம்பெனிக்கு உரிமை உண்டுதானே.

மரத்தைப் பற்றி ரொம்பப் பேசுவார்கள். ஒரிஜினலில் நெக்கும் உடம்பின் நடுப்பகுதியும் தலையிலிருந்து வால்வரை ஒரே மரமாக ஓடும், இரண்டு பக்கமும் இறக்கைகள் ஒட்டப்பட்டிருக்கும். மலிவான நகல்களில் நெக்கைத் தனியாகச் செய்து நான்கு திருகில் இறுக்குகிறார்கள். தந்தியின் ஆற்றல் இரண்டு முனைகள் வழியாக மரத்துக்குக் கசிகிறது, நெக் எளிதாக ஆடுகிற அதிர்வெண்ணில் ஒரு சுரம் வந்து விழுந்தால் அந்தச் சுரம் சீக்கிரம் செத்துவிடும். இது நெக்கின் விறைப்பையும் எடையையும் பொறுத்தது, ஒரிஜினல்களிலும் நடக்கும். திருகா கோந்தா என்பதை வைத்துச் சத்தத்தைத் தீர்மானிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அடையாளம் காண உதவும்: பின்பக்கம் திருகுத் தகடு இருந்தால் அது 4001 இல்லை, பேச்சு முடிந்தது.

திருகுத் தகடு இல்லாத நகல்களும் இருக்கின்றன. அப்போது அந்தப் பெயர் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே இரண்டு டிரஸ் ராட் (நெக் வளையாமல் காக்கிற இரும்புக் கம்பி) முனைகள் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது என்றால் சந்தேகப்படலாம். ஃப்ரெட் பலகை விரலுக்கு வழவழவென்று இருக்கும், ஏனென்றால் ஒரிஜினலில் அந்த ரோஸ்வுட் மேலேயும் வார்னிஷ் பூசியிருப்பார்கள். அடுத்து டேப்பை எடுத்து நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் உட்காருகிற பள்ளம் வெட்டிய துண்டு) 12-வது ஃப்ரெட் வரை அளந்து பாருங்கள், 42.2 செ.மீ வர வேண்டும். 43.2 வந்தால் அது 34 அங்குலத் தந்தி நீளத்துக்கான நெக், ஃபெண்டர் கம்பெனி பேஸ்களின் அளவு. அந்த ஒரு செ.மீ வித்தியாசத்தில் அதே தந்தி அதே சுரத்துக்கு நாலைந்து சதவீதம் கூடுதலாக இழுபடும், ஃப்ரெட்டுகளின் இடமும் நகர்ந்துவிடும். பிக்கப்பை மாற்றலாம், கெபாசிட்டரைச் சால்டர் வைத்து ஒட்டலாம், இதை மட்டும் நெக்கையே மாற்றாமல் யாராலும் சரிசெய்ய முடியாது.