உருண்டையா, வழவழன்னு ஒரு கேன்சர்

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்ல கட்டி உருண்டையா இருக்கு, ஓரம் வழவழன்னு இருக்குன்னு போட்டிருந்தா அப்பாடான்னு ஆயிடும். பெரும்பாலும் அது சரிதான், ஃபைப்ரோஅடினோமாங்கற கேன்சர் இல்லாத கட்டியோ நீர்க்கட்டியோதான் இருக்கும். ஆனா மியூசினஸ் கார்சினோமான்னு ஒண்ணு இருக்கு, மார்பகப் புற்றுநோய்ல சுமார் 2 சதவீதம்தான், அதிகமா 60 வயசு தாண்டினவங்களுக்கு வரும், அதுவும் பல நேரம் இதே வேஷத்துலதான் வந்து நிக்கும்.

வழக்கமான டக்டல் கேன்சர் (அதிகமா வர்ற மார்பகப் புற்றுநோய் வகை) பரவுற இடத்துல நார்த்திசு வடு மாதிரி இறுகி அக்கம்பக்கத்தை இழுக்கும், அதான் படத்துல முள்ளு முள்ளா தெரியுது. மியூசினஸ் செல்லுங்க சளி மாதிரி மியூசினை வெளியில கொட்டிக்கிட்டே இருக்கும், அந்தக் கொழகொழப்பு திசுவை இழுக்காது, தள்ளும், அதனாலதான் ஓரம் வழவழப்பு.

ஸ்கேன்ல இன்னும் குழப்பம். அல்ட்ராசவுண்ட்ல இது கொழுப்போட சாயல்லயே இருக்கும், கண்ணு லேசா அசந்தா தாண்டிப் போயிடும். வழக்கமான கேன்சருக்குப் பின்னாடி பெரும்பாலும் கருப்பா நிழல் விழும், இதுல மியூசின் வழியா ஒலி சுலபமா போயிடறதால பின்பக்கம் வெளிச்சமா தெரியும், அது நீர்க்கட்டியோட அடையாளமாச்சே! எம்ஆர்ஐல டி2ங்கற வகைப் படத்துல தண்ணி மாதிரி பளிச்சுன்னு இருக்கும், சில ஃபைப்ரோஅடினோமாவும் அப்படித்தான் இருக்கும்ங்கறது தனி தலைவலி. அதனால வயசானவங்களுக்குப் புதுசா ஒரு கட்டி வந்திருந்தா, உருண்டைன்னு விடாம ஊசி வழியா துணுக்கு எடுத்து பயாப்ஸி பண்றதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்லுவேன்.

(லோபுலர் கார்சினோமான்னு இன்னொரு மார்பகப் புற்றுநோய் வகை இதுக்கு நேர் எதிர். அதுல செல்லுங்களை ஒட்டி வைக்கிற ஈ-கேடெரின் புரோட்டீன் இல்லாம போயிடும், தனித்தனியா வரிசை கட்டி நுழையும், சில பேருக்கு மேமோகிராம்ல கட்டின்னு ஒண்ணே தெரியாது.)

மைக்ரோஸ்கோப்ல பார்த்தா மியூசினஸை அடையாளம் கண்டுபிடிக்கறது ஈஸி, வெளிறின மியூசின் குட்டைல கூழ்ல மிதக்கிற ஜவ்வரிசி மாதிரி செல்லு கொத்து கொத்தா இருக்கும். ஆனா கட்டியில 90 சதவீதத்துக்கு மேல இப்படி இருந்தாதான் 'ப்யூர்', அதுதான் நிணநீர் முடிச்சுக்கு அதிகம் பரவாத, நல்லா குணமாகிற வகை. ஊசில வர்ற துணுக்கை மட்டும் வெச்சு அதை உறுதியா சொல்ல முடியாது, பக்கத்துலயே சாதாரண டக்டல் கேன்சரும் ஒளிஞ்சிருக்கலாம், ஆபரேஷன்ல எடுத்த முழுக் கட்டியையும் பார்த்துட்டுதான் பேத்தாலஜிஸ்ட் 'ப்யூர்'னு கையெழுத்து போடுவாங்க.