மாரத்தான்: சோம்பு விளைந்த ஊரின் பெயர்

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர் ஓட்டம். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டி-ஷர்ட் கொடுத்து ஐந்து கிலோமீட்டர் ஓடவிடுவதற்கும் அதே பெயர்தான், சரி, போகட்டும். அடிப்படையில் இது ஓர் ஊர்ப்பெயர். ஏதென்சுக்கு வடகிழக்கே கடலோரச் சமவெளியில் இருக்கிறது அந்த ஊர். பழைய கிரேக்கத்தில் மரதொன் என்றால் பெருஞ்சீரகம், அதாவது நம் சோம்பு. அது மண்டிக் கிடந்த இடம் என்பதால் வந்த பெயர் என்கிறார்கள்.

கி.மு. 490-ல் அங்கேதான் ஏதென்ஸ்காரர்கள் பாரசீகப் படையை முறியடித்தார்கள். வெற்றிச் செய்தியோடு ஓடிவந்தவர் அதைச் சொல்லிவிட்டு உயிரை விட்டார் என்ற கதை தெரிந்ததே. ஆனால் போருக்குச் சில பத்தாண்டுகள் கழித்து எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. போருக்கு முன்னால் உதவி கேட்டு ஸ்பார்ட்டா என்ற இன்னொரு கிரேக்க நகரத்துக்கு ஒரு தூதர் ஓடினார் என்றுதான் அவர் எழுதுகிறார். செய்தி சொல்லிச் செத்து விழும் காட்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பிந்திய எழுத்துகளில்தான் வருகிறது.

ஊர்ப்பெயரை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தவர் மிஷேல் பிரேயல் என்ற பிரெஞ்சு மொழியறிஞர். சொற்களின் பொருளை ஆராய்வதை நாம் பொருண்மையியல் என்கிறோமே, அந்தத் துறைக்குப் பிரெஞ்சில் பெயர் வைத்தவரும் அவர்தான்! 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இப்படி ஓர் ஓட்டம் வைக்கலாம் என்று யோசனை சொல்லி, வெள்ளிக் கோப்பையும் தந்தார். வென்றவர் தண்ணீர் சுமந்து பிழைத்த ஸ்பிரிடோன் லூயிஸ். அப்போது தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908-ல் லண்டனில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பத்தின் மாடத்துக்கு எதிரே முடிக்க வேண்டியிருந்ததால் வந்த கணக்குதான் 42.195, 1921-ல் அதையே நிலையான தூரமாக்கிவிட்டார்கள்.

இன்றும் ஏதென்ஸ் மாரத்தான் அந்த ஊரில்தான் தொடங்குகிறது. போரில் இறந்த 192 ஏதென்ஸ் வீரர்களின் சமாதி மேட்டைச் சுற்றிவிட்டு, லூயிஸ் ஓடி முடித்த அதே பளிங்கு அரங்கத்தில் முடிகிறது. மரபையும் விளையாட்டுச் சுற்றுலாவையும் இணைப்பது என்று பேசுகிறார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை, சாலை இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, அதோடு கோடையில் கால் வைக்க இடமில்லாத நகரத்துக்கு நவம்பரில் ஆள் வருகிறது. 2004 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய எத்தனையோ அரங்கங்கள் அப்புறம் பாழடைந்து கிடந்ததை நினைத்தால் வித்தியாசம் விளங்கும். ஓடுபவர்கள் விமானத்தில்தான் வருகிறார்கள், அந்தப் புகைக்கு இந்த ஏற்பாட்டில் பதில் இல்லை என்பதும் உண்மை. ஹெரோடோட்டஸ் சொன்ன ஓட்டத்துக்கும் ஒரு போட்டி உண்டு: ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டா வரை 246 கிலோமீட்டர், ஸ்பார்ட்டாத்லான், 1983-லிருந்து நடக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நெடுந்தொலைவு ஓட்டம் என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் 10,000 மீட்டரும் நெடுந்தொலைவு ஓட்டமே. அதை மொத்த வகைக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம். 42.195-க்கு மாரத்தானே இருக்கட்டும். ஊர்ப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. இலங்கைத் தமிழர்கள் மரதன் ஓட்டம் என்கிறார்கள், முதலெழுத்து குறிலாக இருப்பதால் கிரேக்க ஒலிப்புக்கு அதுவே நெருக்கம், எனக்குப் பிடித்ததும் அதுதான். வாக்கத்தான், கணினி நிரல் எழுதும் போட்டியான ஹேக்கத்தான் எல்லாம் ஊர்ப்பெயரின் வாலைத் தனியே வெட்டி ஒட்டியவை. கிரேக்கத்தில் அந்த வாலுக்குத் தனிப் பொருள் கிடையாது. வாக்கத்தானை நடைப்பயணம் என்றும், ஐந்து கிலோமீட்டர் 'மினி மாரத்தானை' வெறும் ஓட்டம் என்றும் எழுதினாலே போதும்.