இசைவு: மருத்துவப் பதிவுகளில் 'கன்சென்ட்' என்பதன் பொருள்

ஆபரேஷனுக்கு முன்னால் போடும் கையெழுத்துதான் 'கன்சென்ட்' என்று ராமநாதபுரம் கரையோரத்தில் பலரும் அறிந்திருக்கிறார்கள். மருத்துவத் தகவலைப் பகிர்வதற்கான கன்சென்ட் வேறு. ராமநாதபுரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை மதுரையில் இருக்கும் டாக்டர் தம் கணினியில் பார்க்கலாமா, எதற்காக, எதுவரை என்ற கேள்விக்கு நோயாளி தரும் பதில் அது.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'உடன் உணர்தல்' என்பது வேர்ப்பொருள். வடமொழிச் 'சம்மதம்' என்பதும் ஒத்த எண்ணம் என்றே பிரியும். தமிழில் 'ஒப்புதல்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் மேலதிகாரி கோப்புக்குத் தருவது ஒப்புதல். குற்றத்தை ஏற்பது ஒப்புதல் வாக்குமூலம். தனக்கு உரியதை இன்னொருவர் பார்க்கலாம் என்று ஒருவர் மனமுவந்து சொல்வது அதில் அழுத்தமாக வரவில்லை. 'உடன்பாடு' இரு தரப்பையும் கட்டும்; ஒருவர் தனியே விலக முடியாது. 'அனுமதி' கதவைத் திறந்துவிடுவதோடு நின்றுவிடுகிறது.

'இசைவு' பொருந்துகிறது. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். பழைய கல்வெட்டுகளில் 'இசைவுத்தீட்டு' என்ற ஆவணப் பெயரே உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தரும் கன்சென்ட்டை 'இசைவாணை' என்கிறோம்; அதில் ஆணை சேர்வது, கொடுப்பது அரசு என்பதால். நோயாளி கொடுப்பது வெறும் இசைவு. ஆவணத்தில் இசைவு என்று எழுதலாம். கவுண்டரில் பேசும்போதும் நோயாளியின் போன் திரையிலும் 'சம்மதம்' என்பதே நல்லது. பாம்பன் மீன் வியாபாரி அம்மாவுக்கு உடனே புரிய வேண்டும். புரியாமல் சொன்ன சரி, சட்டத்தின் முன் இசைவாகாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும் நோயாளிக்குத் தர வேண்டும்.

நடைமுறையில் இசைவு ஒரு மின்னணுச் சீட்டு. மருத்துவமனைகளின் பதிவுகளைக் கணினி வழியே இணைக்க அரசு 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுக்கத் தொடங்கிய திட்டம் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். அதில் நோயாளிக்கு 'ஆபா' (ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுன்ட்) என்ற கணக்கும் அதற்கு 14 இலக்க எண்ணும் உண்டு. அதை எடுப்பது அவரவர் விருப்பம். திருக்கை மீனின் முள் குத்திய காலில் புண் ஆறாமல் மதுரைக்குப் போகும் சர்க்கரை நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மதுரை டாக்டரின் சாஃப்ட்வேர் கோரிக்கை அனுப்புகிறது. நோயாளியின் செயலியில் கேட்பவர் யார், என்ன நோக்கம், எந்த வகைப் பதிவு (மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி), எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எப்போது காலாவதி என்ற விவரங்கள் வருகின்றன. ஐந்து வருடப் பதிவு கேட்டிருந்தால் அவர் ஒரு வருடமாகக் குறைக்கலாம். மனநல மருத்துவமனைப் பதிவை மட்டும் விலக்கிவிடலாம். இந்த வெட்டிச் சுருக்கும் உரிமைதான் இசைவின் உயிர். 'எல்லாவற்றுக்கும் சரி' என்ற ஒற்றைப் பொத்தானை வைக்கும் சாஃப்ட்வேர் அதைப் பறிக்கிறது.

அவர் இசைந்ததும், பதிவு வைத்திருக்கும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனிச் சீட்டு உருவாகிறது. அந்த மருத்துவமனையின் சாஃப்ட்வேர் சீட்டைச் சரிபார்த்து, பதிவை வேறு யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து, நேரே மதுரைக்கு அனுப்புகிறது. இடையில் சீட்டு வழங்கும் அமைப்பு பதிவைத் திறந்து பார்க்க முடியாது.

நம் கரையில் இது தடுமாறுவது பெரும்பாலும் போனில்தான். வீட்டுக்கு ஒரு நம்பர், அது கணவரிடம். அவர் விசைப்படகில் போயிருந்தால் கரை திரும்பும்வரை ஓடிபி யாருக்கும் கிடைக்காது. கைரேகை வைத்துப் பார்க்கலாமென்றால் வலை இழுத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கலாம். அதனால் பதிவு செய்யும்போதே 'இந்தப் போன் யார் கையில் இருக்கும்?' என்று கேட்டு, கரையில் இருப்பவரின் எண்ணை ஆபாவில் சேர்த்துவிடுவது நல்லது.

ஓடிபி சொன்னதே இசைவு என்று பல கிளினிக்குகள் எடுத்துக்கொள்கின்றன. ஓடிபி ஆள் யார் என்பதற்குச் சான்று, அவ்வளவே. நோயாளியின் போனை வாங்கி ஊழியரே எல்லாவற்றையும் தட்டிவிட்டால் அங்கே இசைவே நடக்கவில்லை.

இன்னொரு தொல்லை பெயர். முகமது என்ற பெயருக்கு ஆதாரில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலும் மருத்துவமனை அட்டையில் வேறொன்றும் இருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால். போன் எண், பெயர், பாலினம், பிறந்த ஆண்டு ஆகியவற்றை வைத்தே சாஃப்ட்வேர் ஆளைத் தேடுவதால், ஒரே எண்ணில் அண்ணன் தம்பி இருந்தால் தம்பியின் ரிப்போர்ட் அண்ணன் ஆபாவில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு எத்தனை முறையான இசைவு வாங்கினாலும் போவது தவறான பதிவு. இணைக்கும் முன் பிறந்த ஆண்டையும் முகத்தையும் ஊழியர் ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

கொடுத்ததைத் திரும்பப் பெறலாம். கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறும் வழியும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். திரும்பப் பெற்றதும், பதிவு வைத்திருக்கும் மருத்துவமனைக்கும் கேட்ட டாக்டருக்கும் செய்தி போகும், பகிர்வு நிற்கும். மதுரைக்கு ஏற்கெனவே போன நகலையும் அழிக்க வேண்டும்; திரும்பப் பெறாவிட்டாலும் சீட்டில் குறித்த தேதியில் அதை அழிக்க வேண்டும். அந்தத் தேதியைக் கவனிக்காமல், வந்ததையெல்லாம் தன் கோப்பிலேயே நிரந்தரமாகச் சேர்த்துவைக்கும் சாஃப்ட்வேரை வாங்காதீர்கள். வாங்குமுன் விற்பவரிடம் ஒரு சோதனைப் பதிவைக் காலாவதியாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் சிகிச்சை தந்த மருத்துவமனையின் சொந்தக் கேஸ் ஷீட் இதனால் அழியாது. உள்நோயாளிப் பதிவை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் இசைவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று 2023 சட்டமே இடம் தருகிறது. மயங்கிக் கிடப்பவரின் விரலைப் பிடித்துப் போனில் அழுத்த வேண்டியதில்லை.