ருமேனியக் கிராமங்கள் வழியே ஒரு சாலைப் பயணம்: புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

ருமேனியாவுக்குச் சிறு குழுக்களைச் சாலை வழியாக அழைத்துச் செல்வது என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் கையோடு கொண்டுவரும் பயணத் திட்டங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: புக்காரெஸ்டில் இறங்குவது, ப்ரான் கோட்டையில் டிராகுலாவைத் தேடுவது, நான்கைந்து ஊர்களில் படம் எடுத்துக்கொண்டு ஐந்தாம் நாள் விமானம் ஏறுவது. ப்ரான் கோட்டைக்கும் டிராகுலா என்ற பெயருக்கு மூலமான, 15ஆம் நூற்றாண்டில் நாட்டின் தெற்கே வலாக்கியாவை ஆண்ட விளாட் மன்னருக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு கிடையாது. அந்தக் கோட்டைக்குச் செலவாகும் அரை நாளை வடக்கே உள்ள கிராமங்களுக்குக் கொடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். இந்த நாட்டின் மரபுச் செல்வத்தில் பெரும்பகுதி, மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊர்களிலும் அவர்கள் அன்றாடம் வழிபடும் தேவாலயங்களிலும் இருக்கிறது. அங்கே போகிறவர் விருந்தாளியாகப் போக வேண்டும். விருந்தாளிக்கு முதலில் வேண்டியது நேரம்.

இதை நான் பிழை செய்துதான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், நாட்டின் வடகிழக்கில் உள்ள புகோவினாவின் மூன்று மடாலயங்களைப் பார்த்துவிட்டு, அதே நாளில் 1,416 மீட்டர் உயரமுள்ள பிரிஸ்லோப் கணவாயைக் கடந்து மரமுரெஷ் பகுதிக்குப் போய்ச் சேர்வதாகத் திட்டம் போட்டிருந்தேன். இருட்டிய பிறகு ஒரு வளைவில், காய்ந்த புல்லை மலைபோல் ஏற்றிக்கொண்டு விளக்கே இல்லாமல் ஒரு குதிரை வண்டி போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் கடைசி நொடியில் வேனை நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்காரர் அறுவடை முடித்துத் தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் இருந்திருக்கக் கூடாதவர்கள் நாங்கள்தான். அன்றிலிருந்து மலைச் சாலைகளில் பொழுது சாய்ந்த பிறகு நான் வண்டியை எடுப்பதில்லை. ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் ஏறும் வாகனமாக இருந்தால், நான்கரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிட ஓய்வு, பொதுவாக நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. உங்கள் முகவர் தரும் திட்டம் அந்த விதிக்குள் அடங்குகிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் அந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

புகோவினாவில் ஒரு நாளைக்கு இரண்டு மடாலயங்கள் போதும். மாபெரும் ஸ்டீபன் என்று போற்றப்படும் மன்னர் 1488இல் நான்கு மாதத்துக்குள் கட்டி முடித்த வொரொனெட்ஸ் தேவாலயத்தின் வெளிச்சுவர்களில் 1547இல் ஓவியம் தீட்டினார்கள். மேற்குச் சுவரை முழுவதுமாக இறுதித் தீர்ப்பின் காட்சி நிறைத்திருக்கிறது. அதன் நீல நிறம் இன்றும் மங்கவில்லை. காற்றும் மழையும் நேராக அடிக்கும் வடக்குச் சுவரிலோ ஓவியம் பெருமளவு அழிந்துவிட்டது. கட்டடத்தைச் சுற்றி வரும்போது கை எட்டும் உயரத்தைக் கூர்ந்து பாருங்கள்: முற்காலத்துப் பார்வையாளர்கள் ஆணியால் கீறிய பெயர்களும் ஆண்டுகளும் புனிதர்களின் ஆடைகளில் பதிந்திருக்கும். சுவரில் சாய்வதும் தடவிப் பார்ப்பதும் அதே கீறலின் தொடர்ச்சிதான் என்று என் குழுவினரிடம் அங்கே நின்றுதான் சொல்வேன். வழிபாட்டு நேரம் நெருங்கும்போது, கறுப்பு உடை அணிந்த ஒரு கன்னியாஸ்திரி நீண்ட மரப் பலகையைத் தோளில் ஏந்தி, சிறு சுத்தியலால் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டே தேவாலயத்தைச் சுற்றி நடப்பார். அதற்குத் தோவாக்கா என்று பெயர். மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும் அந்த ஒலி முடியும் வரை கைப்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள்.

கணவாய்க்கு அப்பால் மரமுரெஷ். இங்குள்ள மரத் தேவாலயங்களில் எட்டை யுனெஸ்கோ 1999இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல தேவாலயங்களில் நுழைவுச்சீட்டுச் சாளரம் இருக்காது. சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். தெசெஷ்ட் போன்ற ஊர்களுக்கு நான் முன்கூட்டியே சொல்லி வைப்பது இதற்காகத்தான். ஒருமுறை, மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டே வந்த ஒரு மூதாட்டி, முழங்கை நீளம் இருந்த இரும்புச் சாவியை இரண்டு கைகளாலும் திருப்பிக் கதவைத் திறந்தார். உள்ளே பல தலைமுறை மெழுகுவர்த்திப் புகையில் கறுத்த சுவர்களில், 1780இல் வரைந்த உருவங்கள் கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருந்தால் அவற்றில் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டோம். அவர் கூலி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் உண்டியலில் பணம் போடுவதும், வேலையைப் போட்டுவிட்டு வந்தவருக்கு நன்றி சொல்லி விடைபெறுவதும் நம் கடமை.

மரமுரெஷின் சபின்ட்சா ஊரில் உள்ள கல்லறைத் தோட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1935 வாக்கில் ஸ்தான் இயோன் பெட்ராஷ் என்ற சிற்பி தொடங்கிவைத்த நீலச் சிலுவைகள் இங்கு நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இறந்தவரின் உருவமும், அவரே பேசுவதுபோல் அமைந்த பாட்டும் இருக்கும். ‘மகிழ்ச்சியான கல்லறை’ என்ற பெயரை நம்பி வருகிறவர்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டே நடக்கிறார்கள். மாமியாரைக் கிண்டல் செய்யும் பாட்டும் இங்கே உண்டு; கார் மோதி இறந்த சிறு குழந்தையின் சிலுவையும் உண்டு. இது இன்றும் அடக்கம் நடக்கும் இடம். ஒரு குடும்பம் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, பாட்டைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த வேறொரு குழு அவர்களைக் கடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். பாடல்களின் பொருளை வெளியே வைத்தே விளக்கிவிட்டு, உள்ளே ஓசையில்லாமல் நடக்க வைப்பதுதான் வழிகாட்டியின் வேலை.

சாப்பாட்டைப் பற்றிய கவலை நம்மவர்களுக்கு அதிகம். சைவம் என்று விளக்கிச் சொல்வதைவிட ‘தெ போஸ்ட்’ என்ற இரண்டு சொற்கள் போதும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்புச் சமையல் என்று பொருள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் அதில் சேராது. மசித்த பீன்ஸ், சுட்ட கத்தரிக்காயும் சிவப்புக் குடமிளகாயும் சேர்த்துக் கிளறிய ஸகுஸ்கா, மக்காச்சோள மாவில் கிண்டிய மமலிகா என்ற களி எல்லாம் கிடைக்கும். பெரிய விடுதியைத் தவிர்த்துக் கிராமத்து வீட்டில் தங்கினால் அந்தப் பணமும் ஊரிலேயே தங்கும். வீட்டில் காய்ச்சிய ஹொரிங்கா என்ற பழச் சாராயத்தை நீட்டுவார்கள்; வேண்டாம் என்றால் வருந்த மாட்டார்கள். வண்டி ஓட்டுகிறவர் மட்டும் ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது. ஓட்டுநர் இரத்தத்தில் மது சிறிதும் இருக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

மலைச் சாலைகளில் கரடிகள் கையேந்துவதுபோல் வந்து நிற்கும். கண்ணாடியை இறக்காதீர்கள், உணவு போடாதீர்கள். மனிதரிடம் உணவுக்குப் பழகிய கரடி பிறகு மனிதரைத் தாக்குகிறது, அல்லது சுடப்பட்டுச் சாகிறது.

தெற்கே திரான்சில்வேனியாவின் சாக்ஸன் கிராமங்களுக்கு வரும்போது கதை மாறுகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னரின் அழைப்பில் குடியேறத் தொடங்கிய ஜெர்மானியர் கட்டிய கோட்டைத் தேவாலயங்கள் பியெர்டானிலும் விஸ்க்ரியிலும் இன்றும் இருக்கின்றன; அவர்களில் மிகப் பெரும்பாலோர் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்த்த 1989 புரட்சியை ஒட்டி ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். இப்போது அந்தத் தெருக்களில் ருமேனியரும், ஜிப்சிகள் என்று பிறர் அழைக்கும் ரோமா மக்களும் வாழ்கிறார்கள். “பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்பதோடு ரோமாக்களைப் பற்றிய பேச்சை முடித்துக்கொள்ளும் வழிகாட்டிகள் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. பிறகு ருமேனியாவாக இணைந்த மோல்டாவியா, வலாக்கியா நாடுகளில் பல நூற்றாண்டுகள் இவர்கள் அடிமைகளாக இருந்தார்கள். மன்னரும் பிரபுக்களும் மட்டுமன்றி மடாலயங்களும் இவர்களை உடைமையாக வைத்திருந்தன. 1855, 1856 ஆண்டுகளில்தான் அடிமைமுறை சட்டப்படி முழுவதுமாக ஒழிந்தது. மடாலயச் சுவர்களின் அழகைச் சொல்லும் வாய் இதையும் சொல்ல வேண்டும்.

விஸ்க்ரியில் பெண்கள் கம்பளிக் காலுறை பின்னி விற்பார்கள். பின்னியவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். வேனை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது. மாலையில் மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்து, தத்தம் வீட்டு வாசல் வந்ததும் தாமாகவே உள்ளே திரும்பிவிடும். அந்த அரை மணி நேரம் தெருவோரத்து மர இருக்கையில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, அவற்றுக்கு வழி விடுங்கள்.